பாம்புக்காதும் இருபது படக்குழாய்களும்

என் அக்காவுக்குப் பாம்புக்காது என்று பெயர் வைத்தது வீட்டார் இல்லை. வீடியோ கேம் கடைக்கு வந்த பையன்கள். பாராட்டி வைத்த பெயர் என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சலில் வைத்தது.

அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ரயில்பெட்டி மாதிரி நீளமான கடை. இரண்டு பக்கமும் பத்துப் பத்து மெஷின்கள். வாசலோரம் கம்பிவலை அடித்த ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு ஸ்டூல், ஒரு மரப்பெட்டி நிறைய டோக்கன், என் அக்கா. அங்கிருந்து பார்த்தால் முன்னால் இருக்கும் ஆறு மெஷின்கள்தான் தெரியும். மிச்சம் பதினாலும் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விடும். அந்தப் பதினாலையும் அவள் காதால் காவல் காத்தாள். டோக்கன் உள்ளே விழுந்தால் ஒரு சத்தம். இரும்பு வாஷரைத் தேய்த்துப் போட்டால் வேறு சத்தம். டோக்கனில் நூல் கட்டிவிட்டு மேலே இழுத்தால் சத்தம் பாதியில் நின்றுபோகும். "பதிமூணாம் நம்பர்ல வாஷர் போட்டது யாரு? மரியாதையா வெளிய வா" என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வாள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆள் மாட்டிக்கொள்வான்.

நான் கூடப்பிறந்த தம்பி. எனக்குக்கூட ஒரு டோக்கன் ஓசியில் தந்ததில்லை. கஞ்சப்பிசினாறி.

கடை ஐந்தாறு வருஷத்தில் மூடப்பட்டது. அக்கா அந்தக் காதை வைத்தே பிழைப்பைத் தேடிக்கொண்டாள். வானொலி நாடகங்களுக்கும் படங்களுக்கும் பின்னணிச் சத்தம் செய்து தருகிற ஸ்டூடியோவில் சேர்ந்தாள். திரையில் யாரோ ஒருத்தி படியிறங்குவாள். கேட்பது என் அக்காவின் செருப்பு. வில்லன் வாங்குகிற அறை, ஒரு பழைய தோல்பையின்மேல் இவள் விடுகிற அறை. அவற்றில் பாதி என்னை நினைத்துக்கொண்டு விட்டது என்று அவளே சொல்லியிருக்கிறாள். முப்பது வருஷம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், தலையில் ஹெட்போன். சாப்பிடும்போதுகூடச் சில நாள் கழற்ற மறந்துபோவாள்.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. சத்தத்தின் அளவைக் காட்டுகிற மீட்டரைப் பார்க்கவே மாட்டாள். அதன்மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவாள். "முள்ளைப் பாத்துப் பழகிட்டா காது சோம்பேறி ஆயிடும்" என்பாள். பின்னணியில் கிடக்க வேண்டிய சத்தம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குமிழை அடியிலிருந்து மெல்லத் திருகுவாள். காதில் விழுகிற அந்த நொடியில் நிறுத்தி, ஒரு மயிரிழை இறக்குவாள். அவ்வளவுதான் வேலை. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் பிறகு டேப்பைப் பிரித்து முள்ளைப் பார்த்துவிட்டு, "எப்படிக்கா?" என்று வாயைப் பிளப்பார்கள்.

இவ்வளவு கர்வம் உள்ளவளுக்கு உள்ளூர ஒரே ஒரு பயம். அது எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். நாற்பத்தெட்டு வயதில் காது மந்தமானது. ஐம்பதில் சுத்தமாகப் போய்விட்டது. ஒருநாள் மத்தியானம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அரை மணி நேரம் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். நடுவில் ஒரு சுவர்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கடையிலிருந்து வந்த அக்காதான் முதலில் அம்மாவின் குரலைக் கேட்டது. அவள் அலறிக்கொண்டு உள்ளே ஓடுவதைப் பார்த்த பிறகே அப்பா பேப்பரை மடித்தார். அதற்கப்புறம் சாகும்வரை, அம்மா இருக்கிற அறையைவிட்டு அவர் நகரவில்லை. "செவிடன் காதுல ஊதின சங்கு" என்று தெருவில் யாராவது பேச்சுவாக்கில் சொன்னாலும் அக்கா எரிந்து விழுவாள். அந்தப் பழமொழிக்கு எங்கள் வீட்டில் தடை.

போன வருஷம் அவளுக்கு ஐம்பத்து நாலு. முதலில் கண்டுபிடித்தது மாமா. அக்காவின் கணவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், ஒரு வார்த்தை அதிகம் பேசினால் டீசல் வீணாகிவிடும் என்பதுபோல அளந்து பேசுவார். அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டார் என்றால் விஷயம் சின்னதாக இருக்காது.

"மாப்ள, ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடலன்னா கீ கீன்னு கத்துமில்ல?"

"ஆமா மாமா."

"காலையில கத்திட்டே இருந்துச்சு. உங்க அக்கா அது பக்கத்துலயே நின்னு காய் நறுக்கிட்டு இருந்தா. நான் ஹால்ல இருந்து எழுந்து வந்து மூடுனேன்."

சும்மா இருக்க முடியாமல் அன்றைக்கே அவளிடம் போய், "ஒரு தடவை காது டாக்டர்கிட்ட காட்டிடலாமேக்கா" என்றேன்.

"எனக்கு எதுக்குடா காது டாக்டர்? வேணும்னா அந்த டாக்டரோட காதை நான் பாத்துச் சொல்றேன், போ." சொல்லிவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அவள் பயந்துபோயிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு நாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து உரசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காது, இடது காது, மறுபடி வலது. நான் பார்க்காததுபோலக் கதவுப் பக்கமாகவே திரும்பிப் போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அருங்காட்சியகத்திலிருந்து அந்த வேலை வந்தது.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீடியோ கேம் கடையை ஓர் அறையில் அப்படியே அமைக்கப்போகிறார்களாம். பழைய மெஷின் பெட்டிகள் இருபது கிடைத்திருந்தன. ஆனால் எல்லாம் வெறும் கூடு. உள்ளே எலிக்குக்கூட ஒன்றும் மிச்சமில்லை. தட்டைத் திரைகளைப் பொருத்திப் படம் ஓடவிட்டுவிட்டார்கள். சத்தம்தான் இல்லை. அருங்காட்சியகப் பொறுப்பாளர் அம்மா ஸ்டூடியோவுக்கே வந்து அக்காவைக் கேட்டார். கூண்டில் உட்கார்ந்திருந்தவளைவிட வேறு யார் கிடைக்கப்போகிறார்கள்?

அக்கா ஒத்துக்கொண்டாள். ஒயரிங் வேலைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள், நான் எலக்ட்ரீஷியன். முதல் நாள் அங்கே போகும் வழியில், பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு அந்தக் கடையில ஒரு சத்தம் விடாம ஞாபகம் இருக்குடா. அத்தனையும் செஞ்சு முடிச்சுட்டேன்னா என் காதுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். முடியலன்னு வை, ஸ்டூடியோ பக்கமே போகமாட்டேன். வீட்ல உக்காந்துடுறேன்."

"வீட்ல உக்காந்து என்ன பண்ணுவ?"

"அப்பா பண்ணதைத்தான்."

ஐந்து வாரம் வேலை செய்தோம். உண்மையைச் சொன்னால் அந்த ஐந்து வாரமும் நன்றாகத்தான் இருந்தது. பழைய இரும்புக்கடையில் டோக்கன் பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் நாள் முழுக்க டோக்கனைப் போட்டுப்போட்டுப் பதிவு செய்தோம். பட்டனை வெறிபிடித்து அடிக்கிற சத்தத்துக்கு ஒட்டுப்பலகையில் ஸ்பிரிங் வைத்துக் கட்டி என்னை அடிக்கவிட்டாள். என் விரல் வீங்கிப்போனது. "தோத்துப்போறவன் இப்படியாடா அடிப்பான்? நீ மாமியார் வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி தட்டுற" என்று திட்டு வேறு. ஆட யாரும் வராதபோது ஒவ்வொரு மெஷினும் ஆளைக் கூப்பிட்டுப் பாடிக்கொண்டிருக்குமே, அந்த இருபது பாட்டையும் நினைவிலிருந்து முணுமுணுத்தாள். நான் அவற்றைச் சின்னச் சின்ன சர்க்யூட்டாகப் பற்றவைத்துத் தந்தேன். மின்விசிறி, ஷட்டர், ரப்பர் செருப்பு, தோற்றவன் மெஷினை உதைக்கிற உதை, அதற்கு அக்காவின் பதினெட்டு வயது அதட்டல். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. கடை அப்படியே வந்துவிட்டது.

அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தாள். "என்னமோ இல்லடா. ஆள் இருக்கு, உயிர் இல்ல."

இரண்டு நாள் சோறு தண்ணி இறங்காமல் யோசித்தாள். மூன்றாம் நாள் காலையில் எனக்குப் போன். "கீச்சு! படக்குழாய்க் கீச்சு! அதை எப்படிடா மறந்தோம்?"

பழைய டிவி வைத்திருந்தவர்களுக்கு அது தெரியும். பெரிய கண்ணாடிப் படக்குழாய் உள்ள டிவி. ஒலியை முழுக்கக் குறைத்து வைத்திருந்தாலும், பக்கத்து அறையில் டிவி ஓடுகிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊசிமுனை மாதிரி ஒரு கீச்சுச் சத்தம், அந்தக் குழாய் எழுப்புவது. வீடியோ கேம் கடையில் அப்படி இருபது குழாய்கள், காலையிலிருந்து ராத்திரி வரை. புதுத் தட்டைத் திரைகளில் அது கிடையாது.

கம்ப்யூட்டரில் அந்தக் கீச்சை உண்டாக்கிக்கொண்டோம். ஒவ்வொரு மெஷின் தலையிலும் உச்சத் தொனிக்கென்றே செய்த சின்ன ஸ்பீக்கர் ஒன்றை நான் மாட்டினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு, ஆளில்லாத அந்த அறையின் நடுவே அக்கா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மற்ற சத்தங்கள் எல்லாவற்றையும் அணைத்தாயிற்று. குமிழ் அவள் மடியில். மீட்டர் எனக்குப் பக்கத்தில், ஆம்ப்ளிஃபயர் பெட்டியில். அதன்மேல் வழக்கம்போலக் கறுப்பு டேப். அவள் கண்ணை மூடினாள்.

குமிழ் கால்வாசி திரும்பியது. ஒன்றுமில்லை.

"ஒயரைப் பாருடா."

பார்த்தேன். சரியாக இருந்தது. சொன்னேன். அரைவாசி திருப்பினாள்.

"உனக்குக் கேக்குதா?"

"எனக்கு எங்க கேக்கப்போகுதுக்கா? இருபது வருஷமா ட்ரில் பிடிச்ச காது."

"ஸ்பீக்கர் மட்டமான சரக்காடா?"

"நல்ல கம்பெனிதான்."

முக்கால்வாசி. அவள் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கேட்கவில்லை என்று இவள் சொல்லிவிடப்போகிறாள், சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடப்போகிறாள் என்று பயந்தேன். அந்தக் கறுப்பு டேப் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஓர் ஓரத்தைத் தூக்கி முள் எங்கே நிற்கிறது என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவள் முறைக்கு மதிப்புக் கொடுத்தேன் என்றெல்லாம் சாக்குச் சொல்ல மாட்டேன். பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கோழைத்தனமாகக் கையைக் கட்டிக்கொண்டேன்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை இன்னும் இறுக்கினாள். ஒரு நிமிஷம் இருக்கும். முகம் மெல்லத் தெளிந்தது.

"வந்துடுச்சு" என்றாள். "வந்துடுச்சுடா! மெல்லிசா... ரெண்டு காதுலயும்... அதே கீச்சு!"

கண்ணைத் திறக்காமலே அழுதாள். அழுதுகொண்டே, முறை தவறாமல், குமிழை ஒரு மயிரிழை இறக்கினாள். "ஒரு வருஷமா தினம் தினம் பயந்து செத்தேன்டா, தெரியுமா உனக்கு?" என்றாள். தெரியும் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு வாரம் என் அக்கா பழைய அக்காவாக இருந்தாள். மாமாவைக் கிண்டல் செய்தாள். எனக்குப் போன் போட்டு வம்புக்கு இழுத்தாள். வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னாள். இந்த மாதிரி இரண்டு வாரத்தைக் கொடுத்துவிட்டுப் பிடுங்குவதற்குப் பதில் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

நடுவில் ஒருநாள் பொறுப்பாளர் அம்மாவும் அருங்காட்சியகக் குழுவினரும் வந்து கேட்டார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆகா ஓகோ என்றார்கள். ஒருவர் மட்டும் தலை வலிக்கிறது என்று நெற்றியைத் தேய்த்தார். புதுப் பெயின்ட் வாடை என்று முடிவாயிற்று. அறையைப் பூட்டினோம்.

திறப்பு நாளன்று காலையில் முதல் ஆட்களாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். ஒன்பது, பத்து வயசு. கூடவே ஓர் இளம் டீச்சர். கல்லூரி முடித்த சூடு ஆறாத முகம். அக்கா புதுப்புடவையில், நான் சலவைச் சட்டையில், வாசலுக்கு நேரே சத்த மேஜைக்குப் பின்னால் நின்றோம். ரிப்பன் வெட்டினார்கள். பிள்ளைகள் ஹோவென்று ஓடிவந்தார்கள்.

நாலடி வைத்ததும் நின்றார்கள். முன்னால் வந்தவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். பின்னால் வந்தவர்களும் பொத்தினார்கள். ஒரு சின்னப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்கு போல. குறைங்கம்மா" என்றார் பொறுப்பாளர் அம்மா, சிரித்துக்கொண்டே.

அக்கா டோக்கன் சத்தத்தைக் குறைத்தாள். பாட்டுகளைக் குறைத்தாள். பட்டன், விசிறி, செருப்பு, அதட்டல், ஒவ்வொன்றாக அடிமட்டத்துக்கு இறக்கினாள். அறை நிசப்தமாகிவிட்டது. ஆனால் பிள்ளைகள் கையை எடுக்கவில்லை. எங்களுக்கு ஒரு பொட்டுச் சத்தம் கேட்காத அறையில் முப்பத்திரண்டு பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஒருவன் சுவரோரம் வாந்தி எடுத்தான். குழுவில் ஒருவர், "விளையாடுறாங்களா?" என்று அதட்டலாகக் கேட்டார்.

டீச்சர் வெளுத்துப்போய் மேஜைக்கு வந்தாள். அவள் கைகளும் காதில்தான். "மேடம், தயவுசெஞ்சு அந்தக் கீச்சை நிறுத்துங்க. மண்டைக்குள்ள ஊசி இறக்குற மாதிரி இருக்கு."

"எந்தக் கீச்சு?" என்றார் பொறுப்பாளர் அம்மா. "எனக்கு ஒண்ணும் கேக்கலயே." அவ்வளவு உச்சத் தொனி சின்ன வயசுக் காதுக்குத்தான் எட்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் மீட்டர்மேல் இருந்த டேப்பைப் பிய்த்தேன். முள் சிவப்புக் கோட்டையும் தாண்டிக் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது.

அக்கா அதைப் பார்த்தாள். அப்போதாவது ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நானே, ஆம்ப்ளிஃபயர் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "யார் மேலயும் தப்பில்ல. நான் வெச்ச அளவு அது. எனக்குக் கேக்குற வரைக்கும் ஏத்துனேன்" என்றாள், அத்தனை பேர் முன்னாலும். அப்புறம் என்னிடம் திரும்பி, "நிறுத்துடா, நிறுத்து, பிள்ளைங்க காது போயிடப்போகுது!" என்று கத்தினாள்.

மெயின் சுவிட்சை இறக்கினேன். போதாதென்று பிளக்கையும் பிடுங்கினேன். திரைகள் எல்லாம் கறுத்தன.

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். டீச்சர் பெருமூச்சு விட்டு, உட்கார்ந்திருந்த பெண்ணைத் தூக்கி நிறுத்தினாள். வாந்தி எடுத்தவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஜாய்ஸ்டிக் ஒன்றை ஆட்டிப் பார்க்கப் போய்விட்டான். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அக்கா மட்டும் அசையாமல் நின்றாள். கண்ணை மூடியிருந்தாள், குமிழைத் திருகும்போது மூடுவதுபோல.

"அவ்வளவுதான்க்கா. நின்னுடுச்சு" என்றேன்.

"இல்லடா. நிக்கல."

"மெயினையே இறக்கிட்டேன்க்கா."

"சரியாப் பாரு. எனக்கு இன்னும் கேக்குது."

பிளக்கை அவள் கையில் கொடுத்தேன். அவள் கண்ணைத் திறந்து, உள்ளங்கையில் கிடந்த அதையும் தொங்கிய ஒயரையும் பார்த்தாள். பிறகு இரண்டு காதையும் கையால் அழுத்தி மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே உற்றுக் கேட்டாள்.

"இது மெஷின்ல இருந்து வரலடா" என்றாள். "என் காதுக்குள்ள இருந்து வருது. அன்னிக்கு நான் கேட்டதும் இதைத்தான்."